வழிகாட்டி நூல்களும் வழி சமைத்த கால்களும்

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி மாத்யூ ஆர்னால்டு குறிப்பிடும் சிறு நிகழ்ச்சியொன்று உண்டு. கவிஞரைக் காண வந்த ஒரு குருவானவர், ஏரிகளைப் பற்றிய வழிகாட்டி நூலைத் தவிர வேறு ஏதேனும் எழுதியிருக்கிறீர்களா என்று அவரிடமே வினவினாராம். கவிதையறியாத அந்தக் குருவானவரை எண்ணி இலக்கிய உலகம் இன்றளவும் நகைத்துக்கொண்டிருக்கிறது. நாமும் அதே அங்கியை அணிந்தவராதலின், அவர் சார்பில் ஒரு சொல் சொல்லிவைக்கக் கடமைப்பட்டுள்ளோம். வழிகாட்டி நூலைப் பொருட்படுத்திப் படித்த வாசகர் ஒருவராவது இருந்தாரே என்பதுதான் அது. நடைவழிகாட்டி என்னும் நூல்வகை இலக்கியத்தின் திண்ணையில்கூட இடம்பெறாமல் தெருவிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. பேருந்து நிலையத்தில் வாங்கிப் பையில் திணித்து, மழையில் நனைத்து, பயணம் முடிந்ததும் எறிந்துவிடும் பொருளாகவே அதனைக் கருதுகிறோம். ஆயினும் ஒரு நிலத்தை எவர் கண்கொண்டு காண்பது, அந்நிலத்தில் நடக்க உரிமையுடையவர் யாவர் என்னும் வினாக்களுக்கு இவ்வகை நூல்கள் அளித்த விடைகளே சட்டங்களாகவும் வேலிகளாகவும் பின்னர் உருவெடுத்தன. ஆகவே இவற்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது தகும்.

தமிழ் வாசகர்க்கு இவ்வகை புதியதன்று. ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் இலக்கியமே. மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் நன்னனின் மலைநாட்டிற்குக் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறார். தினைப்புனத்தில் பன்றிக்கென வைத்த பொறி எங்கே இருக்கும், புனங்காவலர் எறியும் கவண்கல் எவ்வாறு பாய்ந்து வரும், கால் வழுக்கும் இடம் யாது, எந்தக் குடியில் என்ன உணவு கிட்டும் என்றெல்லாம் அவர் எடுத்துரைக்கிறார். காட்சிகளின் அழகும் அதில் நிரம்ப உண்டு. எனினும் காட்சியோடு அங்கு வாழும் மனிதரும், நடப்பவரின் பாதங்களும் சேர்ந்தே பேசப்படுகின்றன. நல்ல வழிகாட்டி நூலுக்கு நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவே. எதைக் காணலாம் என்று மட்டுமின்றி, யாருடைய வழியில் நடக்கிறோம் என்பதையும் அது உணர்த்த வேண்டும். இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைப் பற்றி எழுந்த நூல்கள் சிலவற்றை நோக்குவோம். நடைபாதைகளும் பழஞ்சின்னங்களும் பாதுகாக்கப்பட்ட இயற்கையும் ஒருங்கே அமைந்த அந்நிலப்பகுதியைப் போல் இத்துணை எழுத்தைப் பெற்ற இடங்கள் மிகச் சிலவே.

அந்நிலத்திற்குப் புகழ்பெற்ற முதல் வழிகாட்டியை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு, இயேசு சபையைச் சேர்ந்த தாமஸ் வெஸ்ட் அடிகளார். கத்தோலிக்கக் குருத்துவம் சட்டத்தின் கெடுபிடிகளுக்கு அஞ்சி அடக்கமாய் வாழ்ந்த காலம் அது. ஃபர்னஸ் பகுதியில் தங்கியிருந்த அவர், 1774இல் அப்பகுதியின் தொன்மைகளைப் பற்றி ஒரு நூலும், 1778இல் ஏரிகளுக்கு ஒரு வழிகாட்டியும் வெளியிட்டார். அடுத்த ஆண்டே மறைந்தார். ஆனால் அவ்வழிகாட்டி பல பதிப்புகள் கண்டு ஒரு தலைமுறைப் பயணிகளை ஆண்டது.

வெஸ்ட் அடிகளார் செய்த புதுமை யாதெனில், ஒவ்வோர் ஏரிக்கும் குறிப்பிட்ட சில இடங்களை 'நிலைகள்' என்று வகுத்தமைத்ததுதான். இன்ன மரத்தருகே நில், இன்ன திசையை நோக்கு, அங்கே உனக்கு ஓர் ஓவியம் கிடைக்கும் என்பதே அவருடைய முறை. ஓவியர் குளோட் லொரேனின் பெயரால் வழங்கிய, நிறமூட்டிய சிறு குவிகண்ணாடி ஒன்றைக் கையில் கொண்டுசெல்லவும் அவர் பரிந்துரைத்தார். அதில் காட்சியைக் காண விரும்புபவர் மலைக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடிக்குள் விழும் பிம்பத்தையே நோக்க வேண்டும். விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் அவர் குறித்த நிலையொன்றில் 1790களில் ஒரு மண்டபமே எழுந்தது. அதன் சாளரங்களில் பதித்த வண்ணக் கண்ணாடிகள் ஒரே ஏரியை வேனிலாகவும் கூதிராகவும் நிலவொளியாகவும் மாற்றிக் காட்டின. கிளைஃப் நிலை எனப்படும் அம்மண்டபம் 2015இல் சீரமைக்கப்பட்டு இன்றும் பார்வையாளரை வரவேற்கிறது.

'நிலை' என்ற சொல் நம் வாசகர்க்குச் சிலுவைப் பாதையை நினைவூட்டாமல் இராது. அச்சொல்லொற்றுமையைப் பெரிதாக்க நாம் விரும்பவில்லை. எனினும் வேறுபாடு நோக்கத்தக்கது. சிலுவைப் பாதையின் நிலைகளில் நிற்பவர், பாரம் சுமந்து நடக்கும் ஒருவரோடு உடன் நடப்பதற்காகவே நிற்கின்றனர். வெஸ்ட் அடிகளாரின் நிலைகளில் நிற்பவர்க்கோ உடன் நடக்க எவருமில்லை. ஏரி ஒரு சட்டகத்துள் அடங்கிவிட்டால், அங்கே மீன்பிடிப்பவனும் கல் பிளப்பவனும் அதன் ஓரத்து நிறத்துளிகளாகிவிடுகின்றனர். நாடே ஓவியச் சாலையானால், குடிமக்கள் அதற்குக் காவலாளிகளாகவேனும் பயன்படுவார்களா என்ற ஐயம் எழுகிறது.

இக்குறையை நன்குணர்ந்தவர் வேர்ட்ஸ்வொர்த். அவருடைய வழிகாட்டி 1810இல், ஜோசப் வில்கின்சன் என்னும் குருவானவரின் ஓவியத் தொகுப்புக்கு முன்னுரையாக, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. 1822இல் தனி நூலாகி, 1835இல் ஐந்தாம் பதிப்பாக நிறைவடைந்தது. வாசகனை ஏரிக்கரையில் நிறுத்தாமல், இரு பெருமலைகளுக்கிடையே மிதக்கும் முகிலொன்றின்மேல் அவர் ஏற்றிவிடுகிறார். அங்கிருந்து நோக்கினால் பள்ளத்தாக்குகள் ஒரு சக்கரத்தின் ஆரங்களைப் போல் மையத்திலிருந்து விரிகின்றன. ஒரே உவமையில் ஒரு நாட்டின் முழு அமைப்பையும் மனத்தில் பதியவைக்கும் ஆற்றல் இது. பின்னர் அவர் மக்களைப் பற்றித் தனிப் பகுதியே எழுதுகிறார். தம் சிறு நிலத்தைத் தாமே உழுது, தம் ஆட்டின் மயிரைத் தம் இல்லத்திலேயே நூற்று வாழ்ந்த சிறு உழவரைப் போற்றுகிறார். மண்ணிலிருந்து முளைத்தவை போல் தோன்றும் அவர்களுடைய கல்வீடுகளை வியக்கிறார். வெளியூர்ச் செல்வர் வந்து நட்ட அந்நிய மரத்தோப்புகளையும் பளிச்சிடும் வெள்ளை மாளிகைகளையும் சாடுகிறார். அந்நிலம் ஒருவகையில் நாட்டார் அனைவர்க்கும் உரிய பொதுவுடைமை என்ற கருத்தும் அந்நூலில்தான் முளைவிட்டது. இவ்வளவும் அவருடைய பெருமை.

ஆயினும் அந்நூலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவருடையவை அல்ல என்பதே நம் கருத்து. 1822ஆம் ஆண்டுப் பதிப்பில், ஸ்கேஃபெல் பைக் மலையுச்சிக்கு ஏறிய வரலாறு ஒன்று இடம்பெறுகிறது. அதனை எழுதியவர் கவிஞரின் தங்கை டாரதி. 1818இல் தம் தோழி மேரி பார்க்கரோடு ஏறிய அனுபவத்தை அவர் ஒரு கடிதத்தில் வரைந்திருந்தார். அது நூலில் சேர்ந்தபோது அவர் பெயர் சேரவில்லை. அவ்வரலாற்றில் நம் சிந்தைக்குரிய இடம் ஒன்று உண்டு. உச்சியில் நின்று, தொலைவில் ஒளிரும் கடலில் ஒரு கப்பல் செல்வதாக எழுதுபவர் உறுதியாகக் கூறுகிறார். உடன் வந்த மேய்ப்பர் அது கப்பல்தானா என ஐயுறுகிறார். வாதிடாமல் அமைதி காக்கிறார். சிறிது நேரத்தில் அந்தக் கப்பல் உருமாறுகிறது. அது வெறும் முகிலே என்பது தெளிவாகிறது. புயல் வரும் என்று எச்சரித்து அவர்களைக் கிளப்பிவிடுபவரும் அதே மேய்ப்பர்தாம். அவ்வேளையில் கற்றவர் கண்களுக்கு வானில் அதற்கான அறிகுறி எதுவும் புலப்படவில்லை.

குவிகண்ணாடிக்கும் இந்நிகழ்ச்சிக்கும் உள்ள தொலைவை வாசகர் உணர்வாராக. அங்கே கற்றவனின் கண் நிலத்தைத் திருத்துகிறது. இங்கே நிலத்தில் வாழ்பவன் கற்றவரின் கண்ணைத் திருத்துகிறான். தன் பிழையை மறைக்காமல் எழுதிவைத்த அந்தப் பெண்ணின் நேர்மையே அந்நூலுக்கு உயிர் என்போம். அவர் பெயரின்றி அது அச்சேறியது வருந்தத்தக்கது. மேய்ப்பரின் பெயரும் நமக்குக் கிட்டாதது அதனினும் வருந்தத்தக்கது.

டாரதி 1800 முதல் 1803 வரை எழுதிய கிராஸ்மியர் நாட்குறிப்பு, அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே அச்சேறியது. அதனை வழிகாட்டியோடு ஒப்புநோக்கினால் அதே சாலையில் வேறொரு கூட்டம் நடப்பதைக் காண்போம். பிச்சைக்காரர், ஊனமுற்ற படைவீரர், கணவனைத் தேடிச் செல்லும் பெண்கள், வேலையற்ற மாலுமிகள் ஆகியோர் நாள்தோறும் அவருடைய வாயிலைக் கடந்து செல்கின்றனர். 1800 செப்டம்பரில், ஊர்ச்செலவில் அடக்கம் செய்யப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணின் இறுதி ஊர்வலத்தில் டாரதி உடன் நடக்கிறார். பத்து ஆண்களும் நான்கு பெண்களுமாக ஒரு சிறு கூட்டம். ரொட்டியும் பாற்கட்டியும் பரிமாறப்படுகின்றன. பின்பு பெட்டி தூக்கப்படுகிறது. வழிகாட்டியில் இத்தகைய மனிதர்க்கு இடமில்லை. காட்சியைக் காணச் செல்பவர்க்குச் சாவு எதற்கு என்று கருதினார்கள் போலும்.

ஆனால் பாதை அவ்வாறு கருதவில்லை. ரைடலில் கவிஞர் வாழ்ந்த இல்லத்தின் பின்புறமாகச் சென்று கிராஸ்மியரை அடையும் மலைச்சரிவுப் பாதை, இன்று நடைப்பயணிகள் பெரிதும் விரும்பும் வழிகளுள் ஒன்று. ஓக் மரங்களும் பாசி படர்ந்த மதில்களும் கீழே ஒளிரும் ஏரியுமாக அது நெஞ்சை அள்ளும். அதன் பெயர் சவப்பெட்டிப் பாதை. கிராஸ்மியரின் புனித ஆஸ்வால்டு ஆலயக் கல்லறைத் தோட்டத்திற்கு இறந்தோரைச் சுமந்துசென்ற வழி அது. சுமப்போர் இளைப்பாறப் பெட்டியை இறக்கிவைத்த கற்கள் அங்கே இன்றும் உள்ளன. அதேபோல் மார்டேல் பள்ளத்தாக்கிலிருந்து மலை கடந்து ஷாப் என்னும் ஊருக்குச் செல்லும் பழைய பிணவழியில் 1736 வரை உடல்கள் கொண்டுசெல்லப்பட்டன. மார்டேல் ஊரையே மான்செஸ்டர் நகருக்கு நீர் தரும் நீர்த்தேக்கம் 1930களில் விழுங்கிவிட்டது. ஊர் மூழ்கியது. ஆலயமும் இடிக்கப்பட்டது. அவ்வூராரின் பாதை மட்டும் எஞ்சியுள்ளது. நில அழகை விரும்பி எவரும் அப்பாதைகளைச் சமைக்கவில்லை. தேவையும் துயரும் கடமையும் சமைத்தவை அவை. இன்று நாம் அழகு என்று வழங்குவது, நெடுங்காலம் பலர் சுமந்த சுமையின் தடமே அன்றோ?

இனி வேர்ட்ஸ்வொர்த்தின் வாழ்வில் நேர்ந்த முரண்பாட்டிற்கு வருவோம். 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் வெளியானது. எழுபத்துநான்கு வயது அரசவைக் கவிஞர் சினந்தெழுந்து ஒரு கவிதையும், செய்தித்தாளுக்கு இரு கடிதங்களும் எழுதினார். இயற்கையின் காட்டழகைச் சுவைக்கும் ஆற்றல் பிறவியில் வருவதன்று, அது மெல்ல மெல்லப் பயின்று பெறுவது, ஆகவே ஆலைத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாகக் கொணர்ந்து இறக்குவதால் அவர்களுக்கும் பயனில்லை, நிலத்திற்கும் கேடு என்பது அவர் வாதம். பொதுவுடைமை என்றவரே வாயிலில் நின்று தகுதிச் சீட்டுக் கேட்டார் என்பதே இதன் பொருள்.

இவ்வாதத்தை மறுக்க நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. அவரே மறுத்துள்ளார். 1127இல் இன்றுள்ள இடத்தில் அமைந்து 1537இல் மூடப்பட்ட ஃபர்னஸ் துறவியர் மடத்தின் இடிபாடுகளின் அருகே இருப்புப்பாதை போடப்பட்டது. 1845 ஜூன் மாதத்தில் அவ்விடத்தைக் கண்ட கவிஞர் ஒரு கவிதை எழுதினார். நண்பகல் ஓய்வுக்காக இடிபாடுகளுக்குள் வந்தமர்ந்த பாதைத் தொழிலாளர், இடத்தின் பெருமையை உணர்ந்தவராய் அமைதி காத்து நிற்பதை அவர் அதில் காட்டுகிறார். பயிற்சி வேண்டும் என்று கடிதத்தில் கூறியவர், பயிற்சியற்றோரின் வணக்கத்தைக் கவிதையில் பதிவுசெய்தார். கொள்கை கூறியதைக் கண் பொய்யாக்கியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவர் வேர்ட்ஸ்வொர்த்தை முழுமையாகப் படித்தவராகார்.

இருப்புப்பாதை 1847இல் திறக்கப்பட்டது. அதன்பின் வேலிகளின் காலம் வந்தது. கெசிக் நகருக்கு மேலுள்ள லாட்ரிக் குன்றின் பழைய வழிகளை நிலவுடைமையாளர் அடைத்தபோது, 1887 அக்டோபர் 1ஆம் நாள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு உச்சிக்கு நடந்தனர். அவர்களை நடத்திச் சென்றவர்களுள் முதன்மையானவர் ஹென்றி ஜெங்கின்சன். 1872இல் அம்மாவட்டத்திற்கு நடைவழிகாட்டி எழுதியவர் அவர்தாம். தாம் அச்சிட்ட வழி அடைபடுவதை அவர் ஏட்டுப் பிழையாகக் கொள்ளவில்லை, அநீதியாகக் கொண்டார். அந்தப் பாதை காப்புச் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஆங்கிலிக்கன் குரு ராண்ஸ்லி, 1895இல் தேசிய அறக்கட்டளையைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பூங்காக்களுக்கு வழி பிறந்து, 1951இல் ஏரி மாவட்டமும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைநிலங்களில் நடக்கும் உரிமையை இங்கிலாந்து, வேல்ஸ் மக்களுக்கு வழங்கியது. ஏட்டிலிருந்து காலுக்கும், காலிலிருந்து சட்டத்திற்கும் ஒரு பாதை நீண்டதை இங்குக் காண்கிறோம்.

1844ஆம் ஆண்டுக் கவிதையில், புகைவண்டிக்கு எதிராகச் சான்று கூறுமாறு வேர்ட்ஸ்வொர்த் அழைத்த குன்றின் பெயர் ஆரஸ்ட் ஹெட். விண்டர்மியர் புகைவண்டி நிலையத்திற்கு மேலே எழும் சிறு குன்று அது. 1930இல், பிளாக்பர்ன் என்னும் பஞ்சாலை நகரைச் சேர்ந்த இருபத்துமூன்று வயது எழுத்தர் ஒருவர், சேமித்த பணத்தில் ஒரு வார விடுமுறைக்கு அங்கு வந்து, முதன்முதலாக அக்குன்றின்மீது ஏறினார். அவர் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர், ஏழைக் கல்தச்சரின் மகன். ஆல்பிரட் வெயின்ரைட் என்னும் அவ்விளைஞர் அன்று கண்ட காட்சி அவர் வாழ்வையே மாற்றியது. பின்னாளில் கெண்டலில் குடியேறி, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளில் 214 மலைகளுக்கு அவர் கைப்பட எழுதி வரைந்த வழிகாட்டிகளே இன்று அம்மாவட்டத்தின் மறையேடுகள் போல் போற்றப்படுகின்றன. எந்த வகுப்பினரால் சுவைக்க இயலாது என்று கவிஞர் ஐயுற்றாரோ, அதே வகுப்பிலிருந்து, அதே குன்றிலிருந்து அவருக்கு விடை வந்தது. இதற்கு மேலான இலக்கிய மறுப்பு உண்டோ?

வெயின்ரைட்டின் நூல்களில் முகில்மேல் அமரும் வாசகன் இல்லை. மதிலைக் கடக்கும் படி, சேறு நிறைந்த இடம், மூடுபனியில் தவறிவிடக்கூடிய வளைவு எல்லாம் பாதங்களுக்காகவே வரையப்பட்டுள்ளன. மலைபடுகடாத்தின் அக்கறை இங்கே மீண்டும் வந்துவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது. இரண்டாம் தொகுதியைக் கல்மதில் கட்டிய மனிதர்க்கு அவர் காணிக்கையாக்கியதும் போற்றுதற்குரியது. ஆயினும் முழு நிறைவு கொள்ள இயலவில்லை. மதில் கட்டியோர் காணிக்கைப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். உள்ளே மலையும் தனிமையுமே நிரம்பியுள்ளன. அங்கு இன்றும் வாழ்ந்து ஆடு வளர்ப்போரின் குரல் அரிதாகவே கேட்கிறது.

இக்குறையை எடுத்துரைத்தவர் ஜேம்ஸ் ரீபாங்க்ஸ். தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த அவர், 2015இல் வெளியிட்ட 'மேய்ப்பனின் வாழ்வு' என்னும் நூலில், தம் பள்ளியில் வேர்ட்ஸ்வொர்த்தையும் வெயின்ரைட்டையும் சொல்லிப் புகழப்பட்ட ஏரி மாவட்டத்தில் தம் தந்தையும் பாட்டனாரும் இல்லாதிருந்ததைக் குமுறலோடு எழுதுகிறார். ஹெர்ட்விக் ஆடுகள் வேலியின்றியே தம் மலைச்சரிவை அறியும். தாயாடு குட்டிக்குக் கற்பிக்கும் அறிவு அது. அந்த அறிவின் வழியாகவே மலைப்பாதைகள் பல உருவாயின. 2017இல் யுனெஸ்கோ அம்மாவட்டத்தை உலக மரபுச் செல்வமாக ஏற்றபோது, ஏரிகளை மட்டுமன்றி, இம்மேய்ச்சல் வாழ்வையும் சேர்த்தே சிறப்பித்தது. பெயரின்றிப் போன அந்த 1818ஆம் ஆண்டு மேய்ப்பர், இருநூறு ஆண்டுகள் கழித்துத் தம் பெயரோடு பேசத் தொடங்கியதாகவே நாம் இந்நூலைக் கொள்கிறோம்.

வேர்ட்ஸ்வொர்த்தின் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. மிகுந்த கால்கள் மலையைத் தேய்க்கின்றன. புல் அழிந்து, மழைநீர் பாய்ந்து, பாதைகள் ஓடைகளாகப் பிளக்கின்றன. அவற்றைச் செப்பனிடத் தன்னார்வலர் உட்பட ஒரு குழுவினர் கல்லின்மேல் கல்லாகப் பதித்து ஆண்டு முழுதும் உழைக்கின்றனர். ஆனால் இங்கே ஒரு படிப்பினை உண்டு. கூட்டத்தால் வந்த கேட்டை வாயிலடைத்துத் தடுக்கவேண்டும் என்றார் கவிஞர். அதே கூட்டத்திலிருந்து வந்தவர் சிலர் கல் சுமந்து அதனைச் சீர்செய்கின்றனர். சுவைக்கும் தகுதியை அவர்கள் நூலில் பயிலவில்லை. தோளில் பயின்றனர்.

இதுகாறும் கண்ட நூல்களுள் எது சிறந்தது என்று கேட்டால், டாரதியின் மலையேற்ற வரலாற்றையே நாம் முதலில் வைப்போம். அதற்கடுத்து வெயின்ரைட். அவர்க்குப் பின்னரே கவிஞரின் வழிகாட்டி. வெஸ்ட் அடிகளார் நம் குலத்தவராயினும் இறுதியிலேயே நிற்க வேண்டியவராகிறார். இவ்வரிசை நடையழகைப் பற்றியதன்று. பாதையில் தமக்கு முன் நடந்தவரை எவர் எவ்வளவு கண்டார் என்பதைப் பற்றியது. ஊர்தோறும் நடைபாதைகளும் மரபுச் சின்ன வழிகளும் திறக்கப்பட்டு, அவற்றுக்குக் கையேடுகளும் பலகைகளும் எழுதப்படும் காலம் இது. எழுதுபவர் கைகளில் பொறுப்பு உள்ளது. ரைடல் பாதையில் களைத்து வரும் பயணி அந்தத் தட்டையான கல்லின்மேல் அமர்ந்து ஏரியைப் பார்த்து மகிழட்டும். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அக்கல் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பதையும் அவனுடைய கையிலுள்ள நூல் அவனுக்குச் சொல்லவேண்டும்.